விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு சந்தை

2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜப்பானின் சோனி நிறுவனம் 'பிளேஸ்டேஷன் 3' என்ற விடியோ கேம் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் உயர்ரக மாதிரியின் விலை 599 டாலர். அந்தப் பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்த பாகங்களின் விலையையும் அவற்றைப் பொருத்தும் செலவையும் கணக்கிட்ட 'ஐசப்ளை' என்ற சந்தை ஆய்வு நிறுவனம், அதன் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 840 டாலர் என மதிப்பிட்டது. இந்த மதிப்பீட்டின்படி, பெட்டி ஒன்று விற்கும்போதெல்லாம் சோனிக்குக் குறைந்தது 240 டாலர் நஷ்டம்.

அடக்க விலைக்கும் குறைவாக ஒரு பொருளை விற்பவர் ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும். அல்லது அவர் உண்மையில் விற்பது நம் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பொருளாக இல்லாமல் இருக்க வேண்டும். சோனி ஏமாளி அல்ல. அப்படியானால் அது விற்பது எது? முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட பிளேஸ்டேஷனின் வரலாறு இந்தக் கேள்விக்கான விடைதான். சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இன்று நம் கைப்பேசியில் உள்ள செயலிக் கடைகள் இயங்கும் விதி, பெருமளவு இந்த விளையாட்டுப் பெட்டிகளில் வகுக்கப்பட்டதாகும்.

இரு பக்கமும் வாடிக்கையாளர்

நம் ஊர் வாரச் சந்தைகளை எண்ணிப் பார்க்கலாம். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் கத்தரிக்காயும் விற்பதில்லை, ஆடு மாடும் விற்பதில்லை. இடத்தைக் கூட்டிப் பெருக்கி, பந்தல் போட்டு, கடை விரிப்பவர்களிடம் சுங்கம் வசூலிப்பதே அவர் வேலை. வாங்க வருபவர்களிடம் அவர் காசு கேட்பதில்லை. கேட்டால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் வியாபாரிகள் வரமாட்டார்கள். வியாபாரிகள் வராவிட்டால் கூட்டமும் வராது.

இதைத்தான் பொருளியலில் 'இருபக்கச் சந்தை' என்கிறோம். பிரான்ஸ் நாட்டுப் பொருளியலாளர்கள் ழான்-சார்ல் ரோஷே, ழான் திரோல் ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கியபோது, விடியோ கேம் சாதனங்களையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். திரோல் பின்னர் 2014-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். விளையாடுபவர்கள் ஒரு பக்கம். விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்கள் மறுபக்கம். பெட்டிக்கு உரியவர் நடுவில். முதல் பக்கத்தினருக்குப் பெட்டியை மலிவாகக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பார். மறுபக்கத்தினரிடம், விற்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிமத் தொகை வசூலிப்பார். ஆகவே, சோனி நஷ்டத்தில் விற்றது பெட்டியை அல்ல. தன் சந்தைக்கான நுழைவுச் சீட்டை.

காவலில்லாத சந்தையும் கெடுபிடியான சந்தையும்

இந்த ஏற்பாடு முதலிலேயே இப்படி அமைந்துவிடவில்லை. 1977-இல் அமெரிக்காவில் அறிமுகமான அடாரி 2600 சாதனத்துக்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு உருவாக்கி விற்க முடிந்தது. தொடக்கத்தில் பெருகிய வணிகம், விரைவில் தரமற்ற விளையாட்டுகளால் நிரம்பி வழிந்தது. உறையைப் பார்த்து நல்லது எது, மட்டமானது எது என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை. 1983-இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீட்டு விடியோ கேம் வணிகம், 1985-இல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது. விற்காமல் தேங்கிய கேட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் அடாரி நிறுவனம் புதைத்தது. 2014-இல் அந்த இடத்தைத் தோண்டி அவற்றை வெளியே எடுத்தார்கள்.

தரம் தெரியாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இலேயே எழுதியிருந்தார். பழைய கார் வணிகத்தை முன்வைத்து அவர் சொன்னது விளையாட்டுப் பெட்டிகளின் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பலித்தது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனம், இந்த வீழ்ச்சியிலிருந்து பாடம் கற்றது. 1985-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற தன் சாதனத்துக்குள் ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. நிண்டெண்டோவின் அனுமதி பெறாத கேட்ரிட்ஜ் அந்தப் பெட்டியில் ஓடாது. அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது; கேட்ரிட்ஜுகளை நிண்டெண்டோவிடமே, முன்பணம் கட்டி, குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் குறையாமல் வாங்க வேண்டும்; அதே விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டிச் சாதனங்களில் வெளியிடக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளால் தரம் மீண்டது, வணிகமும் மீண்டது. ஆனால், விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் மனத்தில் ஆற்றாமையும் சேர்ந்தது. சரக்கு விற்காவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு; விற்றாலும் விற்காவிட்டாலும் சுங்கம் நிண்டெண்டோவுக்கு.

ஒரு கண்காட்சியில் முறிந்த உறவு

சோனி முதலில் நிண்டெண்டோவின் போட்டியாளராக அல்ல, கூட்டாளியாகத்தான் இந்தத் துறைக்குள் வந்தது. 1990-இல் வெளிவந்த நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் சாதனத்தில் இருந்த ஒலிச் சில்லை வடிவமைத்தவர் சோனியின் பொறியாளர் கென் குத்தராகி. அந்தச் சாதனத்தில் குறுவட்டுகளையும் பயன்படுத்தும் வசதியை உருவாக்க 1988-இலேயே இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1991 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில், 'பிளே ஸ்டேஷன்' என்ற பெயரில் அதைச் சோனி அறிவித்தது. அடுத்த நாளே, அதே கண்காட்சியில், குறுவட்டுத் திட்டத்தில் தாங்கள் கைகோத்திருப்பது ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு என்று நிண்டெண்டோ அறிவித்தது. சோனிக்கு அது பொது மேடையில் நேர்ந்த அவமானம்.

நிண்டெண்டோவின் அச்சம் காரணமற்றதன்று. ஒப்பந்தப்படி, குறுவட்டில் வெளியாகும் விளையாட்டுகளின் உரிமம் சோனியின் கைக்குப் போயிருக்கும். பெட்டி நிண்டெண்டோவுடையது, சுங்கம் சோனிக்கு என்ற நிலையைச் சந்தையின் குத்தகைதாரர் எப்படி ஏற்பார்? சண்டை தொழில்நுட்பத்தைப் பற்றியது அல்ல. சுங்கச் சாவடி யாருடையது என்பதைப் பற்றியது.

சோனிக்குள்ளேயே பலர் இந்தத் துறையை விட்டு விலகிவிடலாம் என்றனர். 'விளையாட்டுப் பொம்மை' செய்வது நிறுவனத்தின் மதிப்புக்குக் குறைவு என்பது அவர்களது எண்ணம். குத்தராகி விடவில்லை. தலைவர் நோரியோ ஓகா அவருக்குத் துணை நின்றார். எதிர்ப்பாளர்களிடமிருந்து காக்க, குத்தராகியின் குழுவைச் சோனியின் இசைத்தட்டு நிறுவனத்தின் நிழலுக்கு மாற்றினார். 1993 நவம்பரில் சோனியும் அதன் இசைத்தட்டு நிறுவனமும் சேர்ந்து 'சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட்' என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கின.

இசைத்தட்டுக்காரர்களின் இந்தச் சேர்க்கை பின்னால் பெரும் பயன் தந்தது. கலைஞர்களை அரவணைத்துப் பாட்டு வாங்கவும், வட்டுகளை அச்சடிக்கவும், விற்பனையின் போக்கறிந்து கடைகளுக்கு அனுப்பவும் அவர்கள் பழகியிருந்தார்கள். விளையாட்டை உருவாக்குபவரைச் சுங்கம் கட்டும் குடியாக அல்லாமல் கலைஞராக நடத்தும் வழக்கம், அங்கிருந்து பிளேஸ்டேஷனுக்கு வந்தது.

வட்டு மாற்றிய கணக்கு

1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் முதல் பிளேஸ்டேஷன் 39,800 யென் விலையில் வெளிவந்தது. பதினொரு நாள்களுக்கு முன்னர் வந்திருந்த சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் சாதனத்தின் விலை 44,800 யென். அடுத்த ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த இ-3 கண்காட்சியில், சாட்டர்ன் அமெரிக்காவில் 399 டாலருக்குக் கிடைக்கும் என்று சேகா அறிவித்தது. பின்னர் சோனியின் முறை வந்தபோது மேடையேறிய அதன் அமெரிக்க நிர்வாகி ஸ்டீவ் ரேஸ், '299' என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்தத் துறையில் இன்றளவும் பேசப்படும் மிகச் சிறிய சொற்பொழிவு அது.

ஆனால், வெற்றிக்கு அந்த 100 டாலர் வேறுபாடு மட்டும் காரணமல்ல. கேட்ரிட்ஜுக்குள் நினைவகச் சில்லுகள் இருக்கும். அவற்றைச் செய்யச் செலவு அதிகம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். குறுவட்டை அச்சடிக்கும் செலவோ ஒரு டாலர் அளவே. சில நாள்களில் மறுபதிப்பும் கிடைத்துவிடும். எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, பெருந்தொகையை முடக்கிவிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. இடர் குறைந்ததால் சிறிய நிறுவனங்களும் புதிய முயற்சிகளில் துணிந்து இறங்கின. 1997-இல், தனிநபர்களும் வீட்டிலிருந்தே விளையாட்டு எழுதிப் பார்க்க 'நெட் யரோஸ்' என்ற கருவித் தொகுப்பைக்கூட சோனி விற்றது.

1996-இல் வந்த நிண்டெண்டோ 64 சாதனம், கேட்ரிட்ஜையே நம்பியது. அதன் விளைவு உடனே தெரிந்தது. அதுவரை நிண்டெண்டோவின் சாதனங்களுக்கே தன் புகழ்பெற்ற 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையை உருவாக்கிவந்த ஸ்கொயர் நிறுவனம், அதன் ஏழாம் பாகத்தை பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுசென்றது. 1997 ஜனவரியில் மூன்று குறுவட்டுகளில் அது வெளியானது. பெரிய வியாபாரி கடையை மாற்றினால் கூட்டமும் பின்னாலேயே போகும். முதல் பிளேஸ்டேஷன் மொத்தம் 10 கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. வீட்டு விளையாட்டுச் சாதனம் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் முறை.

2000 மார்ச் மாதம் வந்த பிளேஸ்டேஷன் 2, பழைய பிளேஸ்டேஷனின் விளையாட்டுகளையும் இயக்கியது. டிவிடி திரைப்படங்களையும் காட்டியது. தனியாக டிவிடி கருவி வாங்க நினைத்த குடும்பங்களும் இதை வாங்கின. 15.5 கோடிக்கும் மேல் விற்ற அந்தப் பெட்டி, உலகில் மிக அதிகமாக விற்ற வீட்டு விளையாட்டுச் சாதனமாக இன்றும் நீடிக்கிறது. சேகா 2001 ஜனவரியில் சாதனத் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இந்தியாவில் பிளேஸ்டேஷன் 2-இன் காலம் இன்னும் நீண்டது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று முழுவதுமாக இங்கேயே உருவாக்கிய அனுமன் கதை விளையாட்டு அந்தச் சாதனத்துக்காக வெளியானது, 2009-இல்.

செருக்கின் விலை

இரண்டு தலைமுறை வெற்றி, சோனிக்குச் செருக்கையும் சேர்த்தே தந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பிளேஸ்டேஷன் 3 அந்தச் செருக்கின் குழந்தை. அதன் மையச் சில்லான 'செல்', ஆற்றல் மிக்கது. ஆனால், அதற்கு விளையாட்டு எழுதுவது கடினம். ஓராண்டு முன்னதாகவே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 களத்துக்கு வந்துவிட்டது. அதே நவம்பரில் வந்த நிண்டெண்டோவின் வீ சாதனத்தின் விலை 249 டாலர்தான். பெட்டியும் விலை உயர்ந்தது, உருவாக்குபவர்களுக்கும் தொல்லை தருவது என்றால், இருபக்கச் சந்தையின் இரு பக்கங்களும் ஒருசேரத் தளரும். 2006-07 நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,230 கோடி யென் இயக்க நஷ்டம் காட்டியது. 2007-இல் குத்தராகி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2011 ஏப்ரலில், சுமார் 7.7 கோடிப் பயனாளர் கணக்குகளின் விவரங்கள் இணைய ஊடுருவலுக்கு ஆளாகி, பிளேஸ்டேஷன் இணையச் சேவை மூன்று வாரங்களுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது.

மீட்சி வந்த விதம் கவனிக்கத்தக்கது. பிளேஸ்டேஷன் 4-ஐ வடிவமைக்கும் பொறுப்பேற்ற மார்க் செர்னி, விளையாட்டு உருவாக்குபவர்களிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார். அவர்களுக்குப் பழக்கமான சாதாரணக் கணினிகளின் கட்டமைப்பையே ஒத்ததாகப் புதிய பெட்டி அமைந்தது. மறுபக்கத்தில், வாங்குபவர்களின் நம்பிக்கையைப் போட்டியாளரே சோனிக்குத் தாரை வார்த்தார். 2013-இல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய சாதனம் நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்றும், வட்டில் வாங்கிய விளையாட்டைப் பிறருக்குக் கொடுக்கவும் மறுவிற்பனை செய்யவும் கட்டுப்பாடுகள் உண்டு என்றும் அறிவித்தது. எதிர்ப்பு வெடித்தது. தங்கள் விளையாட்டை நண்பருக்குக் கொடுப்பது எப்படி என்று விளக்கும் சில நொடி விடியோ ஒன்றைச் சோனி வெளியிட்டது: ஒருவர் வட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் சில நாள்களிலேயே பின்வாங்கியது. விலையிலும் 100 டாலர் குறைவாக இருந்த பிளேஸ்டேஷன் 4, பின்னாளில் 11.7 கோடிக்கும் மேல் விற்றது.

வட்டு மறையும்போது

அந்த விடியோவில் கைமாறிய வட்டில்தான் இன்றைய பிரச்னையின் வேர் இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் ஒரு மாதிரியில் வட்டு செருகும் இடமே இல்லை. 2024-இல் 699 டாலர் விலையில் வந்த அதன் உயர்ரக வடிவத்திலும் அது இல்லை. வேண்டுமானால் தனியே காசு கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். இன்று விற்கும் விளையாட்டுகளில் பெரும்பகுதி இணையவழிப் பதிவிறக்கமே. இதில் வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால், வட்டு இருந்தபோது வாங்கியவரின் கையில் இருந்த உரிமைகள் அதோடு மறைகின்றன.

படித்து முடித்த புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போடலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். பதிவிறக்கிய விளையாட்டை அப்படிச் செய்ய இயலாது. வட்டு விற்றபோது ஒரே விளையாட்டைப் பல கடைகள் வெவ்வேறு விலையில் விற்றன. பழைய வட்டுகள் புதியவற்றின் விலையைக் கட்டுக்குள் வைத்தன. வட்டில்லாத பெட்டியில் கடை ஒன்றே ஒன்று; அதன் உரிமையாளரே பெட்டியின் உரிமையாளர். பொதுவாக ஒரு விளையாட்டுச் சாதனத்தின் விலை காலப்போக்கில் குறையும். பிளேஸ்டேஷன் 5-இன் விலையோ 2022-இல் பல நாடுகளிலும், 2025-இல் அமெரிக்காவிலும் உயர்த்தப்பட்டது. நாணய மதிப்பு, சில்லுகளின் செலவு எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு வேறு சந்தைக்குப் போக முடியாதவரிடம் விலையை உயர்த்துவது எளிது என்பதும் உண்மை.

2023 டிசம்பரில், டிஸ்கவரி நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடர்களைப் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. உள்ளடக்க உரிம ஏற்பாடு காரணமாக, அவர்கள் வாங்கிய தொடர்கள் மாத இறுதியில் அவர்களது கணக்கிலிருந்து நீக்கப்படும் என்றது அது. எதிர்ப்பு எழுந்தது, உரிமம் புதுப்பிக்கப்பட்டது, முடிவு கைவிடப்பட்டது. ஆனால், 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பெற்ற பொருளை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்ற உண்மை வெளிப்பட்டுவிட்டது. சட்டப்படி அவர்கள் எதையும் வாங்கவில்லை. பார்க்க அனுமதி பெற்றிருந்தார்கள், அவ்வளவே. இந்த வேறுபாட்டை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

நமக்கும் இதில் அக்கறை உண்டு. கைப்பேசிச் செயலிக் கடைகளும் அதே இருபக்கச் சந்தைகள்தாம். செயலி உருவாக்குபவர்கள் மீது தன் கட்டண முறையைத் திணித்ததாக 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பின்னர் தொகையைக் குறைத்தபோதிலும், கூகுள் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற முடிவைக் கைவிடவில்லை.

சந்தையை நடத்துபவர் சுங்கம் வாங்குவது தவறல்ல. காவலில்லாத சந்தை என்னவாகும் என்பதை அடாரியின் குப்பைக் குழி காட்டுகிறது. ஆனால், நிண்டெண்டோவின் கெடுபிடியை உடைத்தது அரசு விதித்த ஆணை அல்ல. எதிரே இன்னொரு சந்தை திறந்ததுதான். பிளேஸ்டேஷன் 3-இன் செருக்கை அடக்கியதும் போட்டியே. வாங்கியவர் தன் பொருளோடு வெளியேற வழி இருக்கும்வரைதான் போட்டி தன் வேலையைச் செய்யும். வட்டு அந்த வழியாக இருந்தது. அது அடைபடும் நிலையில், 'வாங்கு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சட்டம் வரையறுத்தாக வேண்டும். உரிமம் என்றால் உரிமம் என்று எழுதட்டும். விற்பனை என்றால், விற்ற பொருளைத் திரும்ப எடுக்கும் உரிமை விற்றவருக்கு இருக்கக் கூடாது. சந்தை குத்தகைதாரருடையதாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கி நம் பையில் போட்ட பொருள் நம்முடையது.